மசக்கையில் தேய்ந்த பற்கள்

முதலில் தெரிந்தது ஊற்றுத் தண்ணீரில்தான். மலைமேல் குண்டனி நாடு என்கிற ஊர்த்தொகுதியில் எங்கள் விளைகாட்டுக்குக் கீழே இருக்கும் ஊற்றில் ஒரு காலை கை நிறைய அள்ளிக் குடித்தேன். மேல்வரிசைப் பற்கள் வேரோடு சுண்டி இழுத்தன. கண்ணில் நீர் வந்துவிட்டது.

அப்போது எனக்கு ஆறாம் மாதம். மற்ற பெண்களுக்கு மசக்கை வாந்தி நின்றுவிடும் காலத்திலும் எனக்கு நிற்கவில்லை. களியோ சாமைச் சோறோ வெறும் தண்ணீரோ, எது உள்ளே போனாலும் புளித்துத் திரும்பியது. குமட்டல் அடங்க எலுமிச்சையும் நாரத்தையும் சப்பிக்கொண்டே இருந்தேன். வாந்தி எடுத்த ஒவ்வொரு முறையும், வாய் நாற்றம் போக அடுப்புக் கரியும் உப்பும் வைத்துப் பல்லை அழுத்தித் தேய்த்தேன்.

எட்டாம் மாதமே பெண் குழந்தை பிறந்தது. அழவில்லை. என் மாமியார் அவளைத் துணியில் சுற்றி என் அருகே சற்று நேரம் வைத்திருந்துவிட்டு எடுத்துப் போனார்.

அதன் பிறகு வாந்தி நின்றது. சாப்பாடும் நின்றது. துக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள். துக்கமும்தான். ஆனால் சூடு பட்டாலும் வலித்தது, குளிர்ச்சி பட்டாலும் வலித்தது. மெல்லும்போது முன்பல்லின் விளிம்பு உதிர்ந்து சோற்றோடு வந்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவள் பல் வலிக்கிறது என்று யாரிடம் சொல்வாள்?

நான் தலையைச் சாய்த்துக் கஞ்சி குடிப்பதை என் கணவர் கவனித்துவிட்டார்.

"வாயத் தொற கண்ணு."

விரலால் என் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தார். "நாளைக்கே கீழ எறங்கிப் போலாம்" என்றார்.

அடிவாரம் வரை நடந்து, பஸ் பிடித்துச் சேலம் போனோம். பல் டாக்டர் வயதானவர். சிறு கண்ணாடியை வாய்க்குள் விட்டு மேல்பற்களின் உட்புறத்தைப் பார்த்தார்.

"ரொம்ப நாள் வாந்தி இருந்ததாம்மா?"

"மாசமா இருந்தப்பங்க" என்றார் கணவர்.

"குழந்தை?"

அவர் இல்லையென்று தலையை மட்டும் அசைத்தார்.

வயிற்றிலிருந்து வரும் அமிலம் (உணவைக் கரைக்கும் புளிப்பு நீர்) எனாமலை (பல்லை மூடியிருக்கும் கெட்டியான உறை) இளக்கிவிடும் என்று டாக்டர் விளக்கினார். இளகிய நேரத்தில் கரியால் தேய்த்தால் உறை தேய்ந்துபோகும். எலுமிச்சையும் தன் பங்குக்கு அரித்திருக்கிறது.

"மறுபடி வளருமுங்களா?"

"வளராதும்மா. மிச்சத்தைக் காப்பாத்தலாம்."

உதிர்ந்த விளிம்புகளை அராவிச் சமன் செய்தார். உட்புறத்தில் சில்வர் நைட்ரேட் (வெள்ளியிலிருந்து செய்யும் மருந்து) தடவினார். பல் அங்கே கறுத்துப்போகும், கூச்சம் குறையும் என்றார்.

எழுந்திருக்கும்போது கேட்டேன்: "ஏனுங்க டாக்டர், நான் புளிப்புத் தின்னதாலதான் புள்ள போயிருச்சுன்னு ஊருல பேசறாங்க. நெசமுங்களா?"

அவர் கையிலிருந்ததைக் கீழே வைத்தார். "இல்லம்மா. புளிப்பு உன் பல்லைத்தான் தின்னுச்சு. குழந்தைக்கு என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியாது. ஆனா அது நீ செஞ்சதில்ல."

என் கணவர் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அவரும் அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டிருந்தார் என்று அப்போதுதான் தெரிந்தது.

இதைப் படிக்கும் உங்களுக்கு மசக்கை வாந்தி நிற்காமல் இருந்தால், வாந்தி எடுத்தவுடனே பல் தேய்க்காதீர்கள். ஆப்பசோடா கரைத்த தண்ணீரில் கொப்பளித்துத் துப்புங்கள். வலித்தால் சொல்லுங்கள். எந்தத் துக்கத்தின் நடுவிலும் சொல்லுங்கள்.

கூச்சம் மெல்ல அடங்கியது. சாப்பிடத் தொடங்கினேன். இன்றும் தண்ணீரை வாயில் வைத்திருந்து, இளஞ்சூடான பிறகே விழுங்குகிறேன். கரும்பு கடிப்பதில்லை. சிரிக்கும்போது உதடு தானாக மூடிக்கொள்கிறது.

வேறு பிள்ளை பிறக்கவில்லை. சென்ற வாரம் பக்கத்து வீட்டுச் சிறுமி ஓடி வந்து, பால்பல் விழுந்த ஓட்டையைக் காட்டிச் சிரித்தாள். என் மகள் இறந்த அதே மழைக்காலத்தில் பிறந்தவள் அவள். என் மனத்தில் என் மகள் இன்னும் துணியில் சுற்றிய அளவில்தான் இருந்தாள். என் மகளும் என் இடுப்புயரம் வளர்ந்திருப்பாள், அவளும் பல் விழுந்து இப்படிச் சிரித்திருப்பாள் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.