இரும்புக் கொப்பரையில் காய்ச்சிய வாய்க்கஷாயம்

1. குவியல்

"வெள்ளிக்கிழமைக்குள்ள இந்தக் குப்பை போகணும். இல்லேன்னா நீர் போகணும்," என்றார் முதலாளி ரங்காச்சாரி.

காட்டூர்ப் பக்கம் மரம் அறுக்கும் மில். நான் சூபர்வைசர். ரம்பம் பாடப்பாட, மரம் குடித்த மழைக்காலங்களெல்லாம் தூளாய்க் கொட்டும்; சாயங்காலம் என் காதிலும் இருக்கும், காபியிலும் இருக்கும். ஆளுயரத்துக்குக் கருவேலம் பட்டையும் தூளும்.

கருவேலம் பட்டை ஈறுக்கு நல்லது, கிருமியை ஒழிக்கும் என்பது ஊரறிந்தது. தூளைத் துணியில் முடிந்து நல்லெண்ணெய் டின்னில் போட்டுப் பார்த்தேன். எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமல் நின்றது. அடுத்தது வாய் கொப்பளிக்கிற கஷாயம்; விலை போனால் குப்பையும் போகும், என் வேலையும் மிஞ்சும்.

2. கொப்பரை

எங்கள் மில் மிஸ்திரி ஆரோக்கியம் பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் பாய்லர் தட்டியவர். இரும்பைத் தவிர எதையும் நம்பமாட்டார்.

"மண்பானை ஒடஞ்சிடும் சார். கொப்பரை நான் அடிச்சுத் தரேன், தண்டவாளமா நிக்கும்."

மூன்று நாள் அவரே கொப்பளித்தார். ஈறு வீக்கம் வடிந்தது. அவர் வெற்றிலைக்காரர், பல் என்ன நிறமானது என்று யாரும் பார்க்கவில்லை. கஷாயம் கறுப்பாக இருந்ததா? கஷாயம் வேறெப்படி இருக்கும்?

வெள்ளி மத்தியானம் முதலாளி கொப்பளித்துவிட்டு, "பேஷ்!" என்று சிரித்தார்.

ஆரோக்கியம் சிலுவை போட்டுக்கொண்டார்.

வட்ட ரம்பத்தின் பளபளப்பில் முதலாளி தன் பல்லைப் பார்த்தார். அத்தனையும் மை. நாலு மணிக்கு ஸ்ரீரங்கத்தில் அவர் பெண்ணைப் பார்க்க வருகிறார்கள்!

"நீரும் வாரும் ஓய். கேட்டா நீரே பதில் சொல்லும். கல்யாணம் நின்னா உம்ம வேலையும் நின்னுது."

3. விரதம்

இரண்டு வரன் ஏற்கெனவே அவர் வாயால் போயிருந்தது. "எங்காத்து ஊஞ்சல் அசல் தேக்கு" என்ற ஒருவரிடம், "உள்ளே பூச்சி அரிச்சிருக்கும்" என்றவர்.

"இன்னைக்கு அவருக்கு மௌன விரதங்க," என்றேன், பெண் பார்க்க வந்தவர்களிடம்.

மாப்பிள்ளையின் அப்பா தன் வீட்டு வாசற்கதவு ஈட்டி மரம் என்று அரைமணி நேரம் அளந்தார். முதலாளி மேல்துண்டை முறுக்கிப் பிழிந்தார். உதடு திறக்கவில்லை.

"என்ன அடக்கம்! இந்த சம்பந்தம்தான் நேக்கு வேணும்," என்றார் வந்தவர்.

என் வேலையும் நின்றது, அதாவது நிலைத்தது.

பட்டையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் மை. இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் மண்பானையிலேயே காய்ச்சுங்கள். நாங்களும் அப்புறம் அப்படித்தான் காய்ச்சினோம், ஒரே ஒரு தடவை தவிர.

முகூர்த்தத்துக்கு முதல்நாள் முதலாளியின் சம்சாரமே மில்லுக்கு வந்துவிட்டார்.

"பானைக் கஷாயம் வேண்டாம். இரும்புல காய்ச்சினதா ஒரு செம்பு குடுங்கோ. தாலி ஏறற வரைக்கும் அந்தக் கறுப்பு தாங்கினாப் போறும்."