ஜோடி கிடைத்த போர்க்களத் தொலைபேசி

அந்த லிஃப்ட் மெக்கானிக்குத் தெருவே வைத்த பெயர் 'பட்டாளத்தார்'. பட்டாளத்தை அவர் சினிமாவில்தான் பார்த்திருக்கிறார். ஆனால் வீட்டின் பின்னறையில் கால் வைக்க இடமில்லாமல் இரும்புத் தொப்பிகள், தண்ணீர்க் குடுவைகள், கான்வாஸ் பைகள். எல்லாம் பழைய யுத்தத்தில் அடிபட்டு, காயலான் கடை வழியாக அவரிடம் அடைக்கலம் புகுந்தவை.

அவற்றில் அவர் உயிராய் வைத்திருந்தது ஒரு போர்க்களத் தொலைபேசி. கைப்பிடியைச் சுற்றினால் கம்பியின் மறுமுனையில் மணி அடிக்கும். மறுமுனைதான் இல்லை. பல வருஷமாக அதற்கு ஜோடி தேடி அலைந்தார்.

இப்போது மகள் கைக்குழந்தையோடு இங்கேயே வந்துவிடப் போகிறாள். பின்னறையைக் காலி செய்தே ஆகவேண்டும். சாமான்களை எங்கே வைப்பது என்று அவர் கேட்டதற்கு மனைவி சவால் விட்டாள்.

"அந்த ஊமைப் போன் ஒரு வார்த்தை பேசட்டும், என் புடவை பீரோவையே காலி பண்ணித் தரேன். பேசலைன்னா எல்லாம் எடைக்குத்தான்."

மறுநாளே காயலான் கடையில், உடைந்த மின்விசிறிகளுக்கு அடியில், அதே ரகப் பச்சைப் பெட்டித் தொலைபேசி இன்னொன்று. பட்டாளத்தாருக்குக் கை கால் ஓடவில்லை. வீட்டுக்கு ஓடிவந்து, புது பேட்டரி போட்டு, மொட்டை மாடிக்குக் கம்பி இழுத்து, மனைவியை அங்கே உட்கார வைத்தார். பேசும்போது ரிசீவரில் உள்ள பட்டனை அமுக்கிக்கொண்டே இருக்கவேண்டும், விட்டால் குரல் போகாது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். குழந்தைக்குச் சொல்வது போலச் சொல்லவேண்டாம் என்று அவள் முறைத்தாள்.

கீழே வந்து கதவைச் சாத்திக் கைப்பிடியைச் சுற்றினார். மேலே மணி அலறியது. "ஹலோ, கேக்குதா, கேக்குதா" என்று கத்தினார். கரகரவென்று ஓர் இரைச்சல். பிறகு, காதோடு காதாக அவள் குரல். அவரிடம் அல்ல, தனக்குத்தானே.

"மணி அடிக்குது, பேச்சு வரலையே. அந்த மனுஷன் முகத்தை எப்படிப் பாப்பேன்? நான் ஏன்தான் வாயைக் குடுத்தேனோ. பேசாம, நல்லாக் கேக்குதுன்னு பொய் சொல்லிடலாமா?"

பட்டாளத்தார் தன் கட்டைவிரலைப் பார்த்தார். அது பட்டன் மேலேயே இல்லை. கண் நிறைந்துவிட்டது. மெல்ல அமுக்கினார்.

"பொய்யெல்லாம் வேண்டாம்மா. நான்தான் பட்டனை அமுக்கல."

"எனக்கு மட்டும் அத்தனை தடவை பாடம் எடுத்தீங்க" என்றாள். குரல் உடைந்திருந்தது. "இன்னொரு தடவை பேசுங்க."

மகள் வந்தபோது அம்மாவின் புடவைகள் மூட்டையாகப் பரணில் கிடந்தன. பீரோவில் இரும்புத் தொப்பிகள் வரிசையாகக் கொலுவிருந்தன. தொலைபேசிகளில் ஒன்று சமையலறைக்குப் போனது, மற்றது மாடிக்கு. சாப்பாட்டுக்கு மனைவி மணி அடித்ததும் மாடியில் பட்டாளத்தார் ரிசீவரை எடுப்பார். பட்டனை மட்டும் அமுக்கமாட்டார். அவர் பேசாதிருந்தால் அவள் இன்னும் கொஞ்சம் பேசுவாளே.