செண்பகவல்லியும் தம்பியின் மூத்திரப் பையும்

மும்பையின் கிட்னி டாக்டர்கள் எல்லாரும் என் அம்மா செண்பகவல்லியிடம் வரிசையில் நின்று டியூஷன் படிக்க வேண்டும். மெஷினுக்குத் தெரியாத அடைப்பும் அவளுக்குத் தெரியும். பீஸ் கிடையாது, திட்டு மட்டும் உண்டு.

தாராவியில் தோல் பைகளுக்கு ஜிப் தைக்கிறாள். என் தம்பி இசக்கிதுரைக்கு ஐந்து வயது. நிறையத் தண்ணீர் குடித்தால் இடது விலாவைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுப்பான். பூச்சி மாத்திரை கொடு என்றார்கள் பக்கத்து வீட்டில்.

"பூச்சிக்கு எடது பக்கம் மட்டுந்தான் பிடிக்குமாக்கும்?" என்றாள் அம்மா. அவனை ஸ்கேனுக்குத் தூக்கிப்போனாள். இடது கிட்னி வீங்கியிருந்தது. மூத்திரம் இறங்கும் குழாய் அதன் வாயிலேயே சுருங்கிக் கிடந்தது. வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல், மூன்று சின்னத் துளை வழியாகவே அதை வெட்டித் தைக்கலாம் என்றார் டாக்டர்.

"ஒரு அடைப்புக்கு தீன் ஓட்டையா, சாப்?" என்று பாதி இந்தியில் கேட்டாள். டாக்டர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

ஆபரேஷனுக்கு மறுநாள் வந்த டாக்டர், மூத்திரம் ஒழுங்காக இறங்காவிட்டால் மறுபடி உள்ளே பார்க்க வேண்டிவரும் என்று சொல்லிவிட்டுப் போனார். டியூப் வழியாக மூத்திரம் இறங்கும் பை கட்டிலில் தொங்கியது. அதை மணிக்கொரு முறை குவளையில் ஊற்றி அளந்து சீட்டில் எழுதுவது எங்கள் வேலை. பத்து மணிக்கு அறுபது மில்லி. பதினோரு மணிக்குப் பை காலி.

அம்மா நர்ஸ் சுனிதாவைக் கூப்பிட ஓடினாள். "ஊசி போட்டுட்டு வாரேன்க்கா" என்றாள் அவள். அதன்பின் அம்மா கட்டிலுக்கும் கதவுக்குமாக நடந்தாள். நேற்றிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட அவள் வாயில் படவில்லை. எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"போயி மொகத்தக் கழுவிட்டு வாம்மா."

அவள் போனதும் குவளையில் பாட்டில் தண்ணீர் ஊற்றி, நிறத்துக்கு நாலு சொட்டு டீ விட்டேன். சீட்டில் நாற்பது என்று எழுதினேன்.

"வந்துட்டும்மா! நாப்பது!"

அம்மா குவளையை இரண்டு கையாலும் பிடித்தாள். ஓடிப்போய்ச் சுனிதாவின் கையைப் பிடித்தே இழுத்துவந்தாள்.

சுனிதா போர்வையைத் தூக்கினாள். தம்பியின் தொடைக்கு அடியில் டியூப் மடங்கிக் கிடந்தது. "டியூப்பு மேலயே படுத்துக்கிட்டா எப்படிடா ராஜா!" அவள் அதை நிமிர்த்தியதும் மஞ்சளாக ஓடி இறங்கியது. நூற்றுப்பத்து.

அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். சுனிதா எழுதச் சீட்டை எடுத்தாள்.

"மேல உள்ள நாப்பத அடிச்சிருங்க, சிஸ்டர்."

"ஏன்க்கா?"

அம்மா என்னைப் பார்த்தாள். "பிள்ள மூத்திரம் ஜில்லுன்னா இருக்கும்? இவகிட்டயே கேளுங்க."