திருத்துவது நான் மட்டும்

என் பி.சி.ஏ. பட்டம் அச்சில் வந்தது ஒரே ஒரு முறை, எங்கள் கல்யாணப் பத்திரிகையில். இன்னாரின் மகள் என்ற வரிக்குக் கீழே, என் பெயருக்குப் பக்கத்தில், பொடி எழுத்தில். அதோடு அதன் வேலை முடிந்தது. சோமனூரில் தறிக்குடோனும் அடுப்படியுமாக என் வேலை தொடங்கியது.

எங்கள் ஊர் விசைத்தறிக்காரர்கள் சங்கத்துக்கு ஓர் இணையதளம் இருந்தது. நிர்வாகிகள் வெள்ளைச் சட்டையில் கும்பிட்டபடி நிற்கும் படங்களைத் தவிர அதில் ஒன்றும் கிடையாது. நாங்கள் கூலிக்கு நெய்கிறவர்கள். வியாபாரி பாவு நூலைச் சுற்றி அனுப்பினால் தறி ஓடும், பாவு தீர்ந்தால் நிற்கும். தீர்ந்துவிட்டது என்று ஆளாளுக்கு ஃபோன் போட்டு மாய்வதற்குப் பதில், ஒரு பட்டனை அழுத்தினால் எந்தக் குடோனில் பாவு இல்லை என்று எல்லாருக்கும் தெரிகிற மாதிரி அந்தத் தளத்திலேயே ஒரு பக்கம் செய்யலாமே என்று சங்கத் தலைவரிடம் சொன்னேன். அவர் என் கணவருக்குப் பெரியப்பா முறை, எனக்கு மாமா.

“நல்ல ரோசனதான் அம்மணி. கோயமுத்தூர்ல எங்க அக்கா பையன் கம்ப்யூட்டர் கம்பெனி வச்சிருக்கறான். அவங்கிட்டச் சொல்லிப்போடலாம்” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. யோசனை என்னுடையது, வேலை அவனுக்கா? “நானே செஞ்சு தாரனுங்க மாமா. ஞாயித்துக்கெழம கூட்டத்துல பாருங்க. ஓடலீன்னா அவருக்கே குடுத்துப்போடுங்க” என்று சொல்லிவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சரி என்றார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

சங்கம் எடுத்திருந்தது விலை குறைந்த ஷேர்டு ஹோஸ்டிங். ஒரே சர்வரில் முன்பின் தெரியாத பலருடைய தளங்கள் குடியிருக்கும், நம் ஊர் லைன் வீடு மாதிரி. ஆணி அடிப்பதானாலும் வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும். நான் அதற்குள் என் சொந்த ஸ்கிரிப்டை, அந்தப் பட்டனை இயக்கும் நிரலை, ஓட்டப் பார்த்தேன். எழுதி, ஏற்றி, பக்கத்தைத் திறந்தால் ‘இன்டர்னல் சர்வர் எரர்’ என்று வந்தது. எழுதியதை வரி வரியாகச் சரிபார்த்தேன். தப்பே இல்லை. திரும்பவும் எரர்.

ஹோஸ்டிங் கம்பெனியின் உதவி சாட்டில் கேட்டேன். இந்தக் கணக்கில் சொந்த ஸ்கிரிப்ட் ஓடுவது கஷ்டம், தனி சர்வர் வாங்கிக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. அதாவது லைன் வீட்டைக் காலி செய்துவிட்டு பங்களாவுக்குப் போ என்கிறார்கள். போகமாட்டேன் என்று லேப்டாப்பிடம் வாய்விட்டே சொன்னேன். பக்கத்தில் தறி ஓடிய சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது.

தப்பு எங்கே இருந்தது என்று கடைசியில் எரர் பதிவில்தான் கண்டுபிடித்தேன். ஒவ்வொரு ஃபைலுக்கும் அனுமதி என்று ஒன்று உண்டு: யார் படிக்கலாம், யார் ஓட்டலாம், யார் திருத்தலாம் என்று. நான் எல்லாருக்கும் எல்லாமும் கொடுத்து வைத்திருந்தேன். எங்கள் குடோன்களில் அதுதான் வழக்கம். ரோட்டில் போகிறவர்கூட அறுந்த இழையைக் கண்டால் உள்ளே வந்து, தறியை நிறுத்தி, முடிச்சுப் போட்டு, மறுபடி ஓட்டிவிட்டுப் போவார். யாருடைய தறி என்று கேட்பதில்லை. கதவைத் திறந்து வைத்தால்தான் வேலை நடக்கும் என்று பழகிய கை, ஃபைலையும் அப்படியே திறந்து வைத்துவிட்டது. சர்வரோ, யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய ஸ்கிரிப்டை நான் ஓட்டமாட்டேன் என்று மறுத்திருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

மாற்றினேன். படிப்பது எல்லாரும், ஓட்டுவது எல்லாரும், திருத்துவது சொந்தக்காரர் மட்டும். பக்கம் திறந்துகொண்டது. கத்தவேண்டும் போல இருந்தது, கத்தினேன். என் கணவர் எந்தத் தறியில் கையைக் கொடுத்துவிட்டேனோ என்று ஓடிவந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில், கடைசி வரிசையில் இருந்த ஒருவர் தன் ஃபோனில் பட்டனை அழுத்தினார். அவர் குடோனின் பெயர் மேடைத் திரையில் சிவப்பாக வந்து நின்றது. கடைசி வரிசையில் விசில்கூட அடித்தார்கள். தலைவர் மாமா என்னைப் பார்த்துச் சந்தோஷமாகத் தலையாட்டினார். அவர் பக்கத்திலேயே அக்கா பையன் உட்கார்ந்திருந்தான்.

“அருமையாச் செஞ்சுபோட்ட கண்ணு. இனி இவன் பாத்துக்குவான். பாஸ்வேர்ட இவங்கிட்டக் குடுத்துப்போடு. ஊட்டு வேலைக்கு நடுவுல உனக்கு எதுக்குச் செரமம்?”

பாசமாகத்தான் சொன்னார். அதனால்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது. எழுந்து நின்றேன்.

“ஓடுனா நான் பாக்கறது, ஓடலீன்னா அவருன்னுதானுங்க பேச்சு. ஓடிருச்சுங்க. எல்லாரும் பாக்கலாமுங்க, எல்லாரும் பட்டன அழுத்தலாமுங்க. திருத்தறது நான் மட்டுந்தானுங்க. பாஸ்வேர்ட எழுதிக் கவர்ல போட்டு ஒட்டிச் சங்கத்து பீரோவுல வெச்சர்றேன். நான் செத்துப்போனா பிரிச்சுக்குங்க.”

என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஊட்டுல கலந்து பேசிட்டுச் சொல்லு அம்மணி” என்றார் மாமா, குரலை இறக்கி. “பேசியாச்சுங்க மாமா” என்றேன். யாரிடமும் பேசியிருக்கவில்லை. விசில் அடித்த கடைசி வரிசைதான் முதலில் கைதட்டியது. மாமா மைக்கை எடுத்து அடுத்த விஷயத்துக்குப் போனார்.

திரும்பி வரும்போது வண்டியை ஓட்டிக்கொண்டே என் கணவர், “எனக்காச்சும் அந்தப் பாஸ்வேர்டச் சொல்லலாமில்ல?” என்றார்.

“பீரோவுல இருக்குதுங்க.”

அவர் சிரித்த சிரிப்பில் வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது.

வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் காரியம், அந்தப் பக்கத்தின் அடியில் ஒரு வரி சேர்த்ததுதான். என் பெயர், பக்கத்தில் பி.சி.ஏ. இன்னாரின் மகள் என்றோ இன்னாரின் மனைவி என்றோ எதுவும் போடவில்லை. பொடி எழுத்திலும் போடவில்லை.