இன்னொரு தடவை ஓட்டாதவர்

அலுவலகத்தில் அவரைச் ‘சிவப்பக்கா’ என்பார்கள். மற்றவர்கள் எழுதிய மென்பொருளைச் சோதிப்பது அவர் வேலை. சோதனை தேறினால் திரையில் பச்சை, தோற்றால் சிவப்பு. அவர் மேசைக்குப் போனது எதுவும் சிவப்பு வாங்காமல் திரும்பியதில்லை.

அங்கே ஒரு பழக்கம் ஊறிப்போயிருந்தது. சிவப்பு வந்தால் காரணம் தேட மாட்டார்கள். பச்சை வரும்வரை அதே சோதனையைத் திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். அறிவியல் படித்துப் பட்டம் வாங்கியவர்கள், வேண்டிய எண் விழும்வரை பகடை உருட்டிவிட்டு அதற்குச் சோதனை என்று பெயர் வைத்திருந்தார்கள்.

ஒருநாள் வந்தது, ஆம்புலன்ஸ் கேட்டு வரும் அழைப்புகளை வண்டிகளுக்குப் பிரித்தனுப்பும் மென்பொருள். இரண்டு அழைப்புகள் ஒரே நொடியில் வந்தால், எப்போதாவது ஒன்று சுவடில்லாமல் காணாமல் போனது. சாயங்காலத்துக்குள் வாடிக்கையாளருக்குக் கொடுத்தாக வேண்டும். அக்கா ஒப்புக்கொள்ளாமல் அது வெளியே போகாது.

மேலாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“இன்னொரு தடவை ஓட்டும்மா. பச்சை வந்துடும்.”

“வரும் சார். அதான் பயமா இருக்கு.”

“எப்பவோ ஒண்ணு விட்டுப்போறதுக்கா இவ்வளவு கலாட்டா?”

“அந்த ஒண்ணுல யாரு கூப்பிடுறாங்கன்னு தெரியாதே சார்.”

“உங்க கான்ட்ராக்ட் இந்த மாசத்தோட முடியுது. நீட்டிக்கிறது நான்தான். ஞாபகம் இருக்கட்டும்.”

அக்காவின் கணவருக்கு வேலை போய்விட்டது. வீட்டு அடுப்பு இவர் சம்பளத்தில்தான் எரிந்தது. ஆனாலும் கை விசைப்பலகைக்குப் போகவில்லை.

எதிர்வரிசையிலிருந்து ஒருவன் எழுந்து வந்தான். அந்த நிரலை எழுதியவன்; அக்காவோடு மல்லுக்கட்டாத நாளில்லை. இவனும் ஏறி மிதிக்கத்தான் வருகிறான் என்று நினைத்தார்.

“சார், காலையிலேர்ந்து தோண்டிட்டிருந்தேன். இப்பதான் பிடிபட்டுச்சு. ரெண்டாவது அழைப்பு முதல் அழைப்பை அழிச்சிடுது. அக்கா சரின்னாலும் நான் இதைக் குடுக்க மாட்டேன்.”

“அப்ப ரெண்டு பேரும் கிளம்புறீங்களா?”

“கிளம்புறோம். இதைத் திருத்த ஆள் பார்த்துட்டுச் சொல்லுங்க.”

மேலாளர் வாடிக்கையாளரைக் கூப்பிட்டு அவகாசம் கேட்டார். தாமதத்துக்குப் பழி அக்கா தலையில் விழுந்தது. பிழை திருத்தியதற்கான பாராட்டு மேலாளருக்குப் போனது. இந்த அநியாயம் எல்லா அலுவலகத்திலும் நடக்கிறது என்பதால் அது நியாயமாகிவிடாது.

அன்று சாயங்காலம் படியிறங்கும்போது அக்கா கேட்டார்: “எனக்காகவாப்பா எழுந்திரிச்சே?”

“உங்களுக்காகவா? எங்கம்மாவுக்கு மூச்சிரைப்பு. நாங்களும் அந்த ஆம்புலன்ஸ் நம்பருக்குத்தான் கூப்பிடணும். உங்களோட சண்டை அப்படியேதான் இருக்கு.”

அக்கா பையிலிருந்த ஆரஞ்சுப் பழத்தை எடுத்து அவன் கையில் வைத்துவிட்டு நடந்தார்.

மாதக் கடைசியில் ஒப்பந்தத்தை நீட்டிக்க மேலாளருக்கு மனமில்லை. எதிர்வரிசை முழுக்க எழுந்து போய் அவர் அறையில் நின்றது. நீட்டித்தார்.

“உங்களுக்கு நேரம் நல்லா இருக்கு” என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

“நேரம் எங்கங்க வந்துச்சு?” என்றார் அக்கா. “ஏழெட்டுப் பேரு வந்தாங்க.”