செவிலிமேட்டில் நான் சொன்ன சாபம்

1968 மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்யத்தான் முதன்முதலாகக் காஞ்சிபுரம் போனேன். அப்போது எனக்கு இருபத்தாறு வயது, செங்கல்பட்டில் உபதேசியார். செவிலிமேட்டுக்கு அப்பால், பாலாற்றுப் பக்கம் நாற்பது குடிசைகளும் ஒரு சின்ன ஜெபக்கூடமும் இருந்தன. எல்லோரும் கூலிவேலைக்காரர்கள்.

காலை 5.40 பேருந்து. முப்பத்தாறு கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், ஒரு ரூபாய் பத்து காசு. இறங்கியதும் ஒரு கிளப்புக் கடையில் காபி கேட்டேன். யார் வீட்டுக்குப் போகிறேன் என்று விசாரித்தார்கள், செவிலிமேட்டுச் சேரிக்கு என்றேன். மற்றவர்களுக்குப் பித்தளை டம்ளர், எனக்கு மட்டும் தகரக் குவளை வந்தது. குடிக்காமல் எழுந்தேன். ரிக்‌ஷாவுக்கு எழுபத்தைந்து காசுதான். ஆனாலும் மூன்று கிலோமீட்டரும் நடந்தேன்; கோபத்துக்கு அதுதான் தோதாக இருந்தது.

வழியில் பார்த்த பட்டுக்கடைகளும் மாளிகைகளும் வேதாகமத்து நினிவே, தீரு நகரங்களாகத் தெரிந்தன. பெருமை பிடித்த நகரங்களை எபிரேயத் தீர்க்கதரிசிகள் சபித்ததையே பிரசங்கத்துக்கு எடுத்துக்கொண்டேன். "இந்த ஊரும் ஒருநாள் வேகும்" என்று கை நீட்டிச் சொன்னேன். கூடம் அதிர "ஆமென்" என்றார்கள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது இனித்தது.

பகல் ஒன்றரை மணி. எனக்காகச் சமைத்திருந்த எஸ்தர் என்ற பெண் ஜெபக்கூடத்திலேயே சோறு பரிமாறிக்கொண்டிருந்தாள். யார் வீட்டு அடுப்புப் பொறியோ, வெளியே கூரை பற்றிக்கொண்டது. காற்று வேறு. அரை மணி நேரத்தில் பதினேழு குடிசைகள் போயின. பக்கத்துச் சாயப்பட்டறைக்காரர்கள் நூல் அலசும் அண்டாக்களில் தண்ணீர் சுமந்து ஓடிவந்திராவிட்டால் மீதியும் போயிருக்கும். எஸ்தரின் கணவர் காசநோயில் எழுந்திருக்க முடியாமல் அவர்கள் குடிசைக்குள் படுத்திருந்தார். அவரை எடுக்க முடியவில்லை.

மாலையில் குழி வெட்டும்போது எஸ்தர் என்னிடம் வந்தாள்.

"ஊரு வேகும்னு சொல்லிக்கினு இருந்தப்போ, நாங்களும் இந்த ஊருதான்னு நெனச்சீங்களா ஐயா?"

"இல்லம்மா."

"நானும்தான் ஆமென் சொன்னேன். எந்திரிச்சு நிக்க முடியாத மனுசன்கிட்ட என்னா பெருமை இருந்துச்சு?"

நான் ஜெபப் புத்தகத்தைத் திறந்தேன். அவள் தடுத்தாள்.

"நீங்க வேணாம். எங்க ஆளுங்களே பண்ணிக்கட்டும்."

கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றேன்.

அந்தத் தீர்க்கதரிசிகள் தாங்கள் சபித்த ஊர்களுக்காக அழுதும் இருக்கிறார்கள். அந்தப் பக்கங்களையும் படித்தவன்தான் நான். அன்று வேண்டுமென்றே தாண்டிப் போயிருந்தேன். தகரக் குவளை நீட்டியவர்களை இன்றும் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் என் கோபத்தைக் கடவுள் வாயில் வைத்தது நான்தான்.

போகிறவர்களுக்கு: மே மாதம் வேண்டாம், வெயில் தாங்காது. இப்போது செவிலிமேட்டுக்கு நகரப் பேருந்து உண்டு. குடிசைகள் இருந்த இடத்தில் மாடிவீடுகள். கல்லறைத் தோட்டத்தில் எஸ்தரின் கணவருக்குக் கல் கிடையாது. அன்று ஜெபத்தில் அவர் பெயரைச் சொன்னார்கள். பின்னால் நின்ற எனக்குக் காற்றில் கேட்கவில்லை. யாரிடமும் கேட்கவும் துணியவில்லை. இன்றுவரை அவர் பெயர் எனக்குத் தெரியாது.