பத்து விரல் விமானம்

இரண்டாயிரங்களின் தொடக்க வருடங்களில் அடுகோடியில் ஒரு சின்ன ஆபீசில் வேலை பார்த்தேன். விமானம் ஓட்டும் பழைய கம்ப்யூட்டர் கேம் ஒன்றைக் கையடக்க விளையாட்டுக் கருவிக்கு மாற்றித் தர வேண்டும். அந்த விளையாட்டுக்குப் பாதி கீபோர்டு தேவை. சக்கரத்தை இறக்க ஒரு விசை, விளக்குப் போட ஒன்று, விமானி வெளியே குதித்துத் தப்பிக்க ஒன்று. அந்த ஆபீசில் எனக்கும் அப்படி ஒன்று தேவைப்பட்டது. கருவியிலோ பட்டன்களே கொஞ்சம்.

"ஒண்ணைக்கூட எடுக்கக் கூடாது, ஃபேன்ஸ் கோவிச்சுப்பாங்க," என்றார் கன்னடம் கலந்து பேசும் அல்சூர்க்காரரான மேனேஜர். எடுக்கவில்லை. இரண்டு மூன்று பட்டன்களைச் சேர்த்து அழுத்தினால் ஒரு வேலை என்று பங்கு போட்டோம். கருவி இன்னும் வராததால், அதைப்போல நடிக்கும் மென்பொருளைக் கம்ப்யூட்டரில் ஓட்டி, கீபோர்டில் பத்து விரலாலும் சோதித்தோம். விமானம் அற்புதமாகப் பறந்தது. எங்களை நாங்களே மெச்சிக்கொண்டோம்.

கடைசி வாரம் நிஜக் கருவி வந்தது. டெஸ்டிங் பார்த்த பெண் அதை இரு கையாலும் பிடித்துச் சக்கரத்தை இறக்கப் பார்த்தாள். விமானம் தரையில் மோதியது.

"சார், கையில பிடிச்சா கட்டைவிரல் ரெண்டுதான் மிச்சம்."

மேனேஜர் அசரவில்லை. கருவியை மேஜைமேல் படுக்கவைத்து, டைப் அடிப்பதுபோல் பத்து விரலாலும் தட்டினார். விமானம் பத்திரமாக இறங்கியது.

"சொல்ப, கொஞ்சமே கொஞ்சம், அட்ஜஸ்ட் பண்ணிக்கணும், அவ்ளோதான்."

'எங்கும் கையோடு எடுத்துச் செல்லலாம்' என்று விளையாட்டு விற்கும் பெட்டியின் அட்டையில் அச்சானது. உள்ளே இருந்த கையேட்டின் முதல் வரியை என்னைத்தான் எழுதச் சொன்னார்கள்: 'அசையாத மேஜைமேல் வைத்து விளையாடவும்.'